ஆவணியில அளந்த கரை மார்கழியில காணல்ல: கல்லடி வாவிக்கரைத் துண்டு ஒண்டைப் பத்தின ஆய்வு

முதல்லயே சொல்லிப்போடுறன், இதுல பிழை விட்டது வேற ஆருமில்ல, நாங்கதான். மட்டக்களப்புல கல்லடிப் பழைய பாலத்தடியில இருந்து வடக்கால டச்பார் பக்கமாப் போற கரையில ஒரு துண்டை எடுத்து அதுக்கு லேண்ட்ஸ்கேப் ப்ளான் ஒண்டு போடுவம் எண்டு மூண்டு பேர் இறங்கினம். காசுக்குச் செய்த வேலையில்ல, ஆரும் கேட்டதுமில்ல, கரை இப்பிடிப் பாழாப் போகுதே எண்ட வயித்தெரிச்சல்ல தொடங்கினது. ஓகஸ்ட் மாசம் அளந்தம். டேப், லெவல் மெஷின், ட்ரோன் போட்டோ எல்லாம் வச்சி நல்ல வடிவான சர்வே. வோக்கிங் பாத் இவடத்தால போகும், பெஞ்ச் அவடத்துல, தண்ணிக்குக் கிட்ட சின்ன மேடை ஒண்டு, ராவைக்கு வரிசையா லைட்டு. கலர் அடிச்சி எடுத்தா பார்க்க அந்த மாதிரி இருந்திச்சி. டிசெம்பர்ல ஒரு நாள் மழை விட்ட நேரம் சும்மா பார்த்துட்டு வருவம் எண்டு போனா, நாங்க பாத் கீறின கோட்டுல முழங்காலுக்கு மேல தண்ணி, அதுக்குள்ள ஒராள் நிண்டு வீச்சுவலை எறியிறார்.

"என்ன மனே, அளந்து முடிஞ்சா?" எண்டு கேட்டார். ஓகஸ்ட்லயும் அந்த மாமா அங்கதான் இருந்தவர், தோணியைக் கவுட்டுப் போட்டு அதுல சாஞ்சிக்கிட்டு நாங்க அளக்கிறதை மூண்டு நாளும் பார்த்துக்கிட்டே இருந்தவர். தண்ணி இவ்வளவு தூரம் ஏறும் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா எண்டு கேட்டன். "நீங்க கேக்கல்லயே."

அண்டைக்கு வீட்ட வந்து ப்ளானை விரிச்சிப் போட்டுட்டு ஒள்ளம் நேரம் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. மறுகா முதல்ல இருந்து தொடங்கினம். கீழ எழுதுறது அந்த ரெண்டாந்தரம் செய்த ஆய்வு, முதல் தரத்துல எங்க சறுக்கினம் எண்டதையும் இடையில இடையில சொல்லுறன், ஏனெண்டா இதே வேலையைச் செய்யப் போற பிள்ளைகளுக்கு அதுதான் கூட உதவும் எண்டு நினைக்கிறன்.

ஆறு எண்டுதான் சொல்லுறம்

மேப்ல மட்டக்களப்பு வாவி எண்டு கிடந்தாலும் ஊருக்குள்ள அது ஆறுதான். ஆத்துக்குப் போறன், ஆத்து மீன், ஆத்துவாய் வெட்டியாச்சி, இப்பிடித்தான் பேச்சு. தெற்க கல்முனைப் பக்கத்துல இருந்து வடக்க ஏறாவூர்ப் பக்கம் வரைக்கும் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற தண்ணி, அநேக இடத்துல ஆழம் ரெண்டு மீட்டருக்குள்ளதான். கடலுக்குப் போற வாய் ரெண்டு, ஒண்டு பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது தெற்க கல்லாறு. கோடையில கடல் அலை மணலைக் கொண்டு வந்து கொட்டி வாயை அடைக்கும். மாரியில மழைத் தண்ணியும், மேற்க படுவான்கரை வயல் வட்டைகள்ல இருந்து வடியிற தண்ணியும், உன்னிச்சை, நவகிரி மாதிரிக் குளங்கள்ல வான்கதவு திறந்தா அந்தத் தண்ணியும் எல்லாம் சேர்ந்து இஞ்சதான் வந்து நிக்கும். வாய் அடைச்சிருந்தா ஆத்துத் தண்ணி கடலை விட உயரத்துல நிக்கும், அப்பதான் ஆத்துவாயை வெட்டுங்க எண்டு சத்தம் வரும். வெட்டினா அடுத்த அடுத்த நாளே கரை கரையாத் தண்ணி இறங்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. எங்கட துண்டு கல்லடியில கிடக்கு, அதுட தண்ணி மட்டத்தைத் தீர்மானிக்கிற இடம் நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி முகத்துவாரத்துல கிடக்கு, அந்தத் தண்ணியை அனுப்புற குளங்கள் இன்னும் தூரத்துல மேற்க கிடக்கு. நாங்க என்ன செய்தம்? ப்ளான்ல சிவப்புக் கோட்டால ஒரு பெட்டி அடிச்சி இதுதான் சைட் எண்டு எழுதினம். பல்கலைக்கழகத்துல சைட் அனலிஸிஸ் எண்டா அப்பிடித்தான் பழக்கம், பெட்டிக்குள்ள இருக்கிறதை அள, பெட்டிக்கு வெளிய இருக்கிறதுக்கு ஒரு சின்ன மேப் போடு, காணும். ஒரு ஊர்ச் சந்திக்கோ கோயில் வளவுக்கோ அது சரி. இந்த ஆத்துக்குச் சரிவராது. ரெண்டாந்தரம் நாங்க சைட் எல்லையை ரெண்டு விதமாப் போட்டம், வேலை செய்யப் போற எல்லை சின்னது, தண்ணிட எல்லை முகத்துவாரம் வரைக்கும். ரிப்போர்ட்ல முதல் பக்கமே முகத்துவாரத்துப் போட்டோதான். பார்த்த ஒராள் "தம்பி, படம் மாறிப் போச்சி போல" எண்டார்.

ஒரு சாண் தண்ணி

கரைட சரிவு பத்தி ஒரு கணக்கு. எங்கட துண்டுல தரை தண்ணிப் பக்கமா இறங்குறது கண்ணுக்கே தெரியாது, ஒரு 40 மீட்டர் நடந்தாத்தான் ஒரு மீட்டர் இறங்கும் மாதிரி. அப்ப தண்ணி ஒரு சாண் ஏறினாலே கரை ஒம்பது மீட்டர் அளவில உள்ளுக்கு வந்துடும். அரை மீட்டர் ஏறினா இருவது மீட்டர். நாங்க பாத் போட்ட இடம் ஓகஸ்ட் தண்ணியில இருந்து பதினஞ்சு மீட்டர் தள்ளி, அது சரியான பாதுகாப்பு எண்டு நாங்களே நினைச்சம். சர்வேயில எல்லா உயரமும் சராசரிக் கடல் மட்டத்துல இருந்துதான் எடுத்தது, ஆனா வாய் அடைச்சிக் கிடக்கிற காலத்துல ஆத்து மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையே. கடல்ல இஞ்ச வத்துப் பெருக்கு மிச்சம் குறைவு, பெரிய பெருக்குக்குக் கூட ரெண்டு ரெண்டரை அடிக்குள்ளதான், அதை வச்சித்தான் நாங்க தண்ணி எவ்வளவு ஏறும் எண்டு கணக்குப் போட்டம். சின்னப் பிள்ளைக் கணக்கு.

அதால ரெண்டாந்தரம் கரையை ஒரு கோடாக் கீறுற பழக்கத்தையே விட்டம். ஒரு பட்டையாக் கீறினம். கோடையில தண்ணி போய் நிக்கிற அடி, சாதாரண மாரியில ஏறுற இடம், பெரிய வெள்ளத்துல ஏறுற இடம், மூண்டும் மூண்டு கலர்.

இந்த மூண்டையும் எப்பிடிக் கண்டுபிடிச்சம் எண்டதைக் கொஞ்சம் விபரமாச் சொல்லணும், இதுக்குப் பெரிய மெஷின் தேவையில்ல. பாலத்துத் தூண்கள்ல ஊரியும் மட்டியும் ஒட்டியிருக்கிற மேல் விளிம்பைப் பாருங்க, அதுக்கு மேல தண்ணி நெடுநாள் நிக்கிறதில்ல எண்டு அர்த்தம். மதில்கள்ல ஒண்டுக்கு மேல ஒண்டா கறை நிக்கும், புதுக் கறை பச்சையா இருக்கும், பழசு கறுத்துப் போய் இருக்கும். வேலிக் கம்பியில காஞ்ச ஆற்றுவாழை (தண்ணியில மிதக்கிற செடி) வேரும் பொலித்தீனும் தொங்குற உயரம் போன மாரிட உயரம். பெரிய வெள்ளத்துக்கு 2011 தை, மாசி வெள்ளத்தைக் கேட்டம். அந்த வெள்ளத்தை இஞ்ச மறந்தவங்க இல்ல. ஒரு வீட்டுல அக்கா ஒராள் குசினிக் கதவுப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போய் நிலையில ஆணியால கீறி வச்ச கோட்டைக் காட்டினா, "இவடத்துல நிண்டது புள்ள, நாலு நாள்" எண்டா. அந்த ஆணிக் கோட்டுக்கு லெவல் மெஷினைப் பிடிச்சி எடுத்த உயரம்தான் எங்கட ப்ளான்ல வெள்ளக் கோடு.

அதோட சட்டலைட் படமும் பார்த்தம். சென்டினல் 2 படம் இலவசமா எடுக்கலாம், அஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும், ஒரு புள்ளி எண்டது தரையில 10 மீட்டர், அதால சின்னக் கரைக்கு மொத்தமான கணக்குத்தான் கிடைக்கும். பிரச்சினை என்னெண்டா மாரியில எங்களுக்குப் படம் தேவைப்படுற நாள் எல்லாம் மேகம் மூடிக்கிட்டு இருக்கும். அதுக்கு சென்டினல் 1 ரேடார் படம் இருக்கு, மேகத்துக்குள்ளாலயும் தெரியும், தண்ணி கறுப்பா விழும். ரெண்டையும் வச்சி வருசா வருசம் தண்ணி எவடம் வரை வந்திச்சி எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினா, ஆணிக் கோட்டுக்கும் அதுக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல. இப்பிடிப் படத்துக்கு மேல படம் வச்சி நிலத்தை வாசிக்கிற முறையை அறுபதுகள்ல இயன் மெக்ஹார்க் எண்டவர் பிரபலமாக்கினவர், அவர் ட்ரேசிங் தாள்ல செய்ததை இப்ப லெப்டொப்ல செய்யிறம், அவ்வளவுதான்.

வெயில், காத்து

எழுவான்கரை, படுவான்கரை எண்டு எங்கட ஆக்கள் வச்ச பேர்லயே அரைவாசி சைட் அனலிஸிஸ் முடிஞ்சிட்டு. சூரியன் எழுற கரை, படுற கரை. எங்கட துண்டு எழுவான்கரையில கிடக்கு, அங்க நிண்டு தண்ணியைப் பார்த்தா முகம் மேற்க. பின்னேரம் மூண்டு மணிக்கு வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும், பத்தாததுக்குத் தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழ இருந்து அடிக்கும், தொப்பி போட்டும் வேலையில்ல. அஞ்சரைக்குப் பொறகு அதே இடம் சொர்க்கம். அப்ப பெஞ்சுக்கு நிழல் வேணும் எண்டா மரம் மேற்குப் பக்கம் நிக்கணும், ஆனா மேற்குப் பக்கம்தான் எல்லாரும் பார்க்க வாற தண்ணி. முதல் ப்ளான்ல நாங்க ரோட்டுப் பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், வரிசையா மரம் வச்சிருந்தம். பின்னேரம் அந்த மரத்துட நிழல் முழுக்க ரோட்டுல போற பஸ்ஸுக்கு. ரெண்டாவதுல தண்ணிப் பக்கம் புங்கை, மருது மாதிரி அடிமரம் உயரமா வளர விடக்கூடிய மரங்களை இடைவெளி விட்டு வச்சி, கிளைக்குக் கீழால தண்ணி தெரியிற மாதிரிப் பார்த்தம். உப்புக்குத் தாக்குப் பிடிக்கிற இடத்துல பூவரசு.

காத்து ரெண்டு. வைகாசியில இருந்து ஆவணி வரை மேற்க இருந்து கச்சான் அடிக்கும், காஞ்ச சூட்டுக் காத்து. அது ஆத்தைக் கடந்து வந்து அலையா அடிக்கிறது எங்கட கரையிலதான், அந்த நேரம் தண்ணி குறைவு, அதால அடிக் கரையை அரிக்கும். மாரியில வாடை கடல் பக்கமிருந்து வரும், அப்ப எங்கட கரை மறைவுல இருக்கும், ஆனா தண்ணி உயரம். ஆக அரிப்பு ஒரு காலத்துல கீழ, வெள்ளம் இன்னொரு காலத்துல மேல. இதுக்குப் போய் நேர் குத்தா ஒரு கொங்கிரீட் சுவர் கட்டினா என்ன நடக்கும் எண்டா, கச்சான் அலை சுவர்ல பட்டுத் திரும்பி அடிமணலைத் தோண்டி எடுக்கும், சில வருசத்துல சுவர்ட கால் வெளிய தெரியும். புளியந்தீவுக் கோட்டைக்குச் சுவர் சரி. 1628ல போர்த்துக்கேயர் கட்டி 1638ல ஒல்லாந்தர் பிடிச்ச கோட்டை அது, ஆக்களை உள்ளுக்கு விடாமத் தடுக்கத்தானே கட்டினது. ஆக்களைத் தண்ணிக்குக் கிட்டக் கூட்டி வரக் கட்டுற கரைக்கு அதே சுவரை எதுக்குக் கொப்பி அடிக்கிறம் எண்டு எனக்கு விளங்கல்ல.

கண்டல் (மாங்குரோவ்) பத்தியும் இவடத்துல சொல்லணும். சுனாமிக்குப் பொறகு நாடு முழுக்கக் கரையோரம் கண்டல் நட்டாங்க, நல்ல மனசோடதான் நட்டாங்க, ஆனா பெரும் பங்கு தப்பல்ல. முக்கியமான காரணம் தப்பான உயரத்துல நட்டது. கண்டல் எண்டா தண்ணிக்குள்ள எவடத்திலயும் வளரும் எண்டு நினைக்கிறது பிழை, ஒவ்வொரு சாதிக்கும் எவ்வளவு நேரம் தண்ணி, எவ்வளவு நேரம் காத்து எண்டு ஒரு அளவு இருக்கு. எங்கட துண்டுல ஏற்கனவே தானா நிக்கிற மரங்களைப் பார்த்தா அதுவே சொல்லும். கண்டல் கீழ, அதுக்குப் பின்னால கொஞ்சம் உயரத்துல தில்லை. தில்லை மட்டும் நல்லா நிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுட பால் கண்ணுல பட்டாக் கண் கெட்டுப் போயிடும், அதால வெட்ட ஒருத்தரும் கிட்டப் போறதில்ல.

கரையில ஆர்

முதல் ஓகஸ்ட்ல பின்னேரம் நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் நிண்டு ஆக்களைப் பார்த்து, வாறவங்க வோக்கிங் போறவங்க, சோடி சோடியா இருக்கிறவங்க, கடலை ஐஸ்கிறீம் விக்கிறவங்க எண்டு எழுதினம். காந்திப் பூங்காவில பின்னேரம் காணுற அதே ஆக்கள். அதால காந்திப் பூங்கா மாதிரியே இன்னொண்டு கீறினதுல ஆச்சரியமில்ல. ரெண்டாந்தரம் விடியக்காலை நாலரைக்குப் போனம், மத்தியானம் போனம், ராப் பத்து மணிக்கும் போனம். அது வேற ஊர்.

விடியக்காலை தோணிகள் வந்து சேரும், மீன் வாங்க சைக்கிள்காரர் நிப்பாங்க, அரை மணித்தியாலத்துல எல்லாம் முடிஞ்சிடும், ஏழு மணிக்குப் போறவங்களுக்கு அப்பிடி ஒண்டு நடந்ததே தெரியாது. ஏழுக்குப் பொறகு வலை காயும். ரெண்டு பூவரசுக்கும் ஒரு பழைய இரும்புத் தூணுக்கும் நடுவுல வலையைக் கட்டி, சின்னச் சின்னதா ஓட்டை தைப்பாங்க. நாங்க அந்த ரெண்டு பூவரசுக்கும் நடுவுலதான் மேடை கீறியிருந்தம், நல்ல வெளிச்ச இடம் எண்டு. மத்தியானம் மாடு படுக்கும். ராவைக்கு இறால் பிடிக்க லாம்போட வருவாங்க.

லைட்டு விசயத்துல மாமா சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. கரை முழுக்க எல்ஈடி லைட்டு போடுற ப்ளானைக் காட்டினம். தாளைத் தூரத்துல பிடிச்சிப் பார்த்துட்டு, "மனே, இறால் வாறது என்ட லாம்புக்கு. நீங்க கரை முழுக்க லாம்பு வச்சா என்ட லாம்பை அது ஏன் தேடி வருது?" எண்டார். இப்ப லைட்டு பாதைக்கு மட்டும், முழங்கால் உயரத்துல, தண்ணிப் பக்கம் வெளிச்சம் விழாத மூடியோட. செலவும் குறைஞ்சிட்டு.

பழைய பாலத்தைப் பத்தித் தனியா ஒரு பந்தி எழுதலாம், சுருக்கமாவே சொல்லுறன். 1924ல கட்டின லேடி மெனிங் பாலம், 2013ல பக்கத்துல புதுப் பாலம் வந்த பொறகும் அது அப்பிடியே நிக்குது. தண்ணிக்கு அடியில இருந்து வாற பாடுமீன் சத்தத்தைக் கேக்க ஆக்கள் போறதும் அந்தப் பாலத்தடிக்குத்தான். 1848ல இஞ்ச வந்த எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்காரர் எழுதி வச்சதுல இருந்து எத்தினையோ பேர் அதைப் பத்தி எழுதிட்டாங்க. நிலாக் காலத்துல தோணியில போய், துடுப்பை நீருக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதுல வச்சிக் கேப்பாங்க. சைட் அனலிஸிஸ்ல சத்தம் எண்டா நாங்க வழமையா ரோட்டுச் சத்தத்தை மட்டும்தான் எழுதுறது, தண்ணிக்கு அடியில இருக்கிற சத்தத்தை ஒரு வளமா எழுதின சைட் இதைத் தவிர எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. அதால பாலத்தடியில மோட்டர் போட்டுக்கு இறங்குதுறை வேணாம் எண்டு எழுதினம், அது தோணிக்கான இடம்.

சுனாமியைச் சொல்லாம இந்தக் கரையைப் பத்தி எழுத ஏலாது. 2004 டிசெம்பர் 26ல கடல் பக்கத்தால வந்த தண்ணி நாவலடி, டச்பார், கல்லடித் திருச்செந்தூர் எண்டு எல்லாத்தையும் தாண்டி ஆத்துக்குள்ள விழுந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு, நடுவுல ஒடுங்கின மணல் நாடா, இதுதான் எங்கட சைட் இருக்கிற இடம். அதுக்குப் பொறகு வடக்கு கிழக்குல கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள கட்டக் கூடாது எண்டு ஒதுக்கு வலயம் போட்டு மறுகா தளர்த்தினாங்க, கன பேர் திராய்மடுவுக்குக் குடி போனாங்க. கரையில இருக்கிற ஒரு வயசான அம்மா, கடல் பக்கம் போறதை நிப்பாட்டி இருவது வருசம், ஆனா ஆத்தங்கரைக்கு நாளாந்தம் வருவா. பார்க் எண்டு ஒண்டைச் செய்து ஆயிரம் பேரைப் பின்னேரத்துல கூட்டினா, சைரன் அடிச்சா அவங்க எந்தப் பக்கம் ஓடுறது? முதல் ப்ளான்ல பாதை கரை நீளத்துக்கு மட்டும் போச்சி, ரோட்டுக்கு ஏற வழி ரெண்டு தலைப்புலயும்தான். அது ஒரு பொறி. இப்ப ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நேரா கரையில இருந்து ரோட்டுக்கு ஏறுற வழி, எல்லா அம்புக்குறியும் பாலத்தைப் பார்த்து.

தோணா

ரோட்டுக் கானுகளும் வீட்டுக் கழிவுத் தண்ணியும் எங்க போய் விழுது எண்டு பின்னால நடந்து போனா எல்லாம் ஆத்துக்குத்தான். பழைய தோணா, அதாவது மழைத் தண்ணி வடியிற வாய்க்கால், ஒண்டு எங்கட துண்டுக்குள்ளால ஆத்துல இறங்குது, இப்ப அது அரைவாசி மூடி, மிச்சம் கொங்கிரீட் கான் மாதிரி. மழை தொடங்கின முதல் ரெண்டு கிழமை அதால வாற தண்ணிதான் மோசம், கோடை முழுக்கக் கிடந்தது எல்லாம் ஒண்டாக் கழுவி வரும். அந்தக் கானை மூடி மேல புல்லு வைக்கிறதுதான் லேசான வேலை. நாங்க அதைத் திறந்து, ஆத்துல விழ முன்னம் அகலமாக்கி, பன்னும் சம்பும் வளர விட்டு மண்டி தங்கிப் போற மாதிரிக் கீறியிருக்கம். பன் வெட்டிப் பாய் இழைக்கிற ஆக்கள் இன்னும் இருக்காங்க, கேட்டம், "நல்ல பன் எண்டா வெட்டுவம், கான் நாத்தம் அடிச்சா வெட்ட மாட்டம்" எண்டாங்க. நியாயம்தானே.

ஆற்றுவாழை மாரி வெள்ளத்தோட மேல இருந்து மிதந்து வரும், பாலத் தூண்கள்ல வந்து சிக்கிப் பாய் மாதிரி விரியும். ஆத்துவாய் வெட்டி உப்புத் தண்ணி ஏறினாச் செத்து, அழுகி, நாறும். அந்த நாத்தம் வாற கிழமைகள்ல பெஞ்சுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, அதை எந்த டிசைனும் மறைக்க ஏலா. அதால அதை வாரி ஏத்த ஒரு சின்ன ட்ரக்டர் கரைக்கு இறங்கக் கூடிய வழி வேணும். அழகான படத்துல ட்ரக்டர் பாதை கீறுறது ஒருத்தருக்கும் பிடிக்கிறதில்ல. நாங்க கீறினம்.

காணி, சட்டம்

இது சலிப்பான பகுதி, ஆனா இதுலதான் ப்ரொஜெக்டுகள் சாகிறது. 1981ம் ஆண்டு 57ம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துல கரையோர வலயம் எண்டது கடல்ல இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர், 2011ல வந்த திருத்தத்தோட கடலோட தொடுக்கிற நீர்நிலைகள்ட சுத்துக் கரையிலயும் 100 மீட்டர் உள்ளுக்கு வந்திட்டு. ஆக எங்கட துண்டு முழுக்க அதுக்குள்ள, ஒரு கொங்கிரீட் படி கட்டவும் கரையோரம் பேணல் திணைக்களத்து அனுமதி வேணும். அதோட மாநகர சபை, பிரதேச செயலகம், நகர அபிவிருத்தி அதிகார சபை, பாலத்துக்குக் கிட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபை, மீன்பிடித் திணைக்களம். ஒவ்வொருத்தருட மேப்பையும் ஒரே தாள்ல போட்டா எல்லாரும் எல்லை போட்டிருக்கிற இடம் ரோட்டோரம், ஒருத்தரும் தெளிவாச் சொந்தம் கொண்டாடாத இடம் தண்ணி ஏறி இறங்குற அந்தப் பட்டை. அந்தப் பட்டையிலதான் வலை காயுது, தோணி கிடக்கு, குப்பையும் கிடக்கு. உறுதிக் காணி, பேமிட் காணி, சும்மா இருக்கிற காணி எண்டு வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் எழுதினம், மூண்டு கிழமை போச்சி.

வெளிநாட்டுப் படம்

இந்த மாதிரி வேலைக்கு எல்லாரும் காட்டுறது சிங்கப்பூர் பிஷான் பார்க். நாங்களும் காட்டினம். 2.7 கிலோமீட்டர் கொங்கிரீட் கானை உடைச்சி 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு போற ஆறா மாத்தி, 62 ஹெக்டேயர் பூங்காவோட சேர்த்து 2012ல திறந்தாங்க. மழைக்குப் பூங்காவே ஆத்துட வயிறு மாதிரி விரிஞ்சு தண்ணியை வாங்கும். நல்லா இருக்கு, ஆனா அங்க தண்ணி ஏறி மணித்தியாலக் கணக்குல வடிஞ்சிடும். எங்களுக்கு அது கிழமைக் கணக்கு. அங்க நிக்கிற செடியை இஞ்ச வச்சா மூண்டு கிழமை தண்ணியில மூழ்கி, பொறகு ஆவணியில உப்பும் காய்ச்சலும் பட்டுச் செத்துடும். எங்களுக்குக் கொஞ்சம் கிட்ட வாறது சீனாவுல ஜின்ஹுவா நகரத்து யன்வெய்ஜோ பூங்கா, கொங்ஜியான் யூட குழு செய்தது, வெள்ளச் சுவரை எடுத்துட்டுப் படிப்படியா மண் வரம்பு வச்சி வருசா வருசம் வெள்ளத்தை உள்ளுக்கு விட்டு, பாலத்தை மட்டும் வெள்ளத்துக்கு மேல உயர்த்தினாங்க. அதுல நாங்க எடுத்தது அந்தப் படி வரம்பு யோசனையை மட்டும்தான், அங்கயும் உப்பு இல்ல. சியோல்ல 2005ல திறந்த சொங்கேசொன் ஓடையைக் கன பேர் கேக்குறாங்க, அது பம்ப் பண்ணி ஓட விடுற தண்ணி, கரண்ட் பில் ஆர் கட்டுறது?

கடைசியா வந்த ப்ளான்

பாதை ரோட்டோரத்துக்குப் பின்வாங்கிட்டு, ஆணிக் கோட்டுக்கு மேல. அங்க இருந்து தண்ணிப் பக்கம் ரெண்டே ரெண்டு இடத்துல மட்டும் இறங்கு படி, அகலப் படி, கோடையில பத்துப் படியிலயும் இருக்கலாம், மாரியில மேல மூண்டு படி மட்டும் தெரியும், அது காணும். ஒண்டுக்குப் பக்கத்துல சக்கர நாற்காலிக்கு 1க்கு 12 சரிவுல ஒரு வழி, மாரி மட்டத்தோட நிக்கும். நடுப் பட்டை முழுக்க ஒண்டும் கட்டல்ல, கண்டல் தானா வாற இடத்துல வரட்டும் எண்டு வேலி மட்டும். வலை காயிற ரெண்டு பூவரசும் இரும்புத் தூணும் அப்பிடியே, இன்னும் நாலு தூண் கூட. எங்கட அழகான மேடை போயிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் கவலைதான், அந்த வெளிச்சம் உண்மையா நல்ல வெளிச்சம்.

தண்ணி மட்டத்தை வருசம் முழுக்கப் பார்க்கணும் எண்டு ஒரு கம்புக்குப் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு சிவப்பு வெள்ளையா அடிச்சி, மாமாட தோணி கிடக்கிற இடத்துக்குப் பக்கத்துல நட்டம். நாளாந்தம் பார்த்து எத்தினையாம் கோடு எண்டு போன்ல சொல்லுறன் எண்டார். ரெண்டு மாசம் ஒழுங்கா வந்திச்சி, "இண்டைக்கு நாலாம் சிவப்பு", "ஆத்துவாய் வெட்டிட்டாங்க மனே, ரெண்டாம் வெள்ளைக்கு வந்திட்டு". மறுகா ஒரு கிழமை சத்தத்தைக் காணல்ல. போய்ப் பார்த்தா கம்பு நிக்குது, அதுல வலை கட்டிக் காய வச்சிருக்கு, கோடு ஒண்டும் தெரியல்ல. "நல்ல இடத்துல நட்டீங்க தம்பி" எண்டார். இப்ப பாலத் தூண்ல பெயின்ட் அடிக்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கிட்டு இருக்கம்.